நிறுத்த முடியவில்லையா? கவனியுங்கள்

'பத்து நிமிடம்' என்று இரவு பதினொரு மணிக்குக் கைப்பேசியில் ஆபாசப் படம் பார்க்கத் தொடங்குகிறார் ஒருவர். நிமிர்ந்து பார்த்தால் மணி இரண்டரை. தேடல் வரலாற்றை அழித்து, செயலியையும் நீக்கிவிட்டுப் படுக்கிறார். மறுநாள் இரவே அதைத் திரும்பப் பதிவிறக்குகிறார். இது மாதக்கணக்கில் தொடர்ந்தால், 'வயசுக் கோளாறு' என்று தள்ளிவிட முடியாது.

உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடு, 11ஆம் பதிப்பு, 2022 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதில் 'கட்டாயப் பாலியல் நடத்தைக் கோளாறு' தனி நோயாக இடம்பெற்றுள்ளது. எத்தனை முறை, எத்தனை மணி நேரம் என்ற கணக்கு அங்கே அளவுகோல் அல்ல. கட்டுப்பாடு கைநழுவியதா என்பதே கேள்வி. உடல்நலம், வேலை, குடும்பம் எல்லாம் பின்னுக்குப் போகின்றன. குறைக்க எடுத்த முயற்சிகள் மீண்டும் மீண்டும் தோற்கின்றன. பாதிப்பு தெரிந்தும், இன்பமே குறைந்துபோன பின்னும் பழக்கம் நிற்பதில்லை. ஏறத்தாழ ஆறு மாதமோ அதற்கு மேலோ இப்படி நீடித்து, வாழ்க்கையைக் குலைத்தால்தான் அது நோய்.

அதே வகைப்பாடு இன்னொன்றையும் தெளிவாகச் சொல்கிறது: 'இது பாவம்' என்ற குற்றவுணர்வால் மட்டும் வரும் வேதனை நோயாகாது. எப்போதாவது பார்த்துவிட்டு நடுங்கும் இளைஞருக்கு நோயாளி என்ற முத்திரை வேண்டாம். அந்தப் பயத்தைத்தான் 'இழந்த சக்தியை மீட்கும்' லேகிய விளம்பரங்கள் காசாக்குகின்றன.

ஆபத்து மனதோடு நிற்பதில்லை. முன்பின் தெரியாதவர் வீடியோ அழைப்பில் ஆடை களையச் சொல்லி, அதைப் பதிவு செய்து பணம் பறிப்பது இன்று பெருகிவிட்ட மோசடி. ஒரு முறை பணம் கொடுத்தால் மிரட்டல் ஓயாது, மேலும் கேட்பார்கள். ஆதாரங்களை அழிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-இல் புகார் செய்யுங்கள். குழந்தைகளின் ஆபாசப் படங்களைத் தேடுவதும் பதிவிறக்குவதும் தகவல் தொழில்நுட்பச் சட்டப் பிரிவு 67பி-யின்படி குற்றம்; முதல் முறைக்கே ஐந்தாண்டு வரை சிறை. அத்தகைய படங்களைத் தனியாகப் பார்ப்பது குற்றமல்ல என்ற சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பை 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது.

மீள வழி இருக்கிறது. கைப்பேசியைப் படுக்கையறைக்கு வெளியே சார்ஜ் போடுங்கள். தனிமை, சலிப்பு, சண்டை என எது தூண்டுகிறது என்று குறித்து வையுங்கள். மனச்சோர்வும் குடிப்பழக்கமும் கூடவே இருக்கலாம். பார்கின்சன் நோய்க்கான சில மருந்துகளும் இந்தக் கட்டாய நடத்தையைத் தூண்டலாம். அதனால் மனநல மருத்துவரின் பரிசோதனை அவசியம். எண்ணங்களையும் நடத்தையையும் சீராக்கும் ஆலோசனைச் சிகிச்சை பலருக்கு உதவுகிறது. தேவைப்பட்டால் மருந்தும் தருவார்கள். பெங்களூரு நிம்ஹான்ஸில் தொழில்நுட்பப் பயன்பாட்டுச் சிக்கல்களுக்கென்றே தனி மருத்துவப் பிரிவு 2014 முதல் இயங்குகிறது.

வெட்கப்பட்டு மறைக்கும் ஒவ்வொரு மாதமும் பழக்கத்துக்கே வலு சேர்க்கிறது. அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416. கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம். இன்றே அழையுங்கள்.