சேப்பாக்கத்தில் ஒரு மேட்ச், குடும்பத்தோடு

டீ சூடாக இருக்கிறது, மெல்லக் குடியுங்கள். விஷயமும் அவசரமில்லாமல் பேச வேண்டியதுதான். பிள்ளைகள் ஐபிஎல் மேட்சை நேரில் பார்க்க வேண்டும் என்று நச்சரிக்கிறார்கள். நாமோ சித்தூரிலும் திருப்பதியிலும் இருக்கிறோம். ஐதராபாத் என்றால் ஒரு ராத்திரிப் பயணம். சென்னை, திருப்பதியிலிருந்து ஏறக்குறைய 140 கிலோமீட்டர்தான். ஆகவே சேப்பாக்கம்.

எல்லோரும் முதலில் டிக்கெட்டைத் தேடுவார்கள். குடும்பத்தோடு போகிறவர்கள் எப்படித் திரும்பப் போகிறோம் என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டும். இதில் நான் பிடிவாதமாக இருப்பேன். ராத்திரி மேட்ச் 7.30-க்குத் தொடங்கினால் முடிய பதினொன்றைத் தாண்டும். கூட்டத்தோடு நகர்ந்து வாலாஜா சாலைக்கு வந்து சேரும்போது நள்ளிரவு நெருங்கியிருக்கும். திருப்பதி ரயில்களோ சாமி பார்க்க வருகிறவர்களுக்கு ஏற்றபடி அமைந்தவை. சப்தகிரி காலையில் சென்னையிலிருந்து புறப்படும். நமக்குத் தோதானது கருடாத்ரி: காலை ஆறரை வாக்கில் திருப்பதியில் ஏறினால் பத்து மணிக்குள் சென்ட்ரல். ஆனால் அதே வண்டி மாலை நாலரையை ஒட்டித் திரும்பிவிடும். மேட்ச் பார்க்கிறவர்களுக்கு அது உதவாது. மாதவரத்திலிருந்து இரவில் பஸ் பிடிக்கலாம். தூங்கி விழும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு அந்த நேரத்தில் பஸ் தேடச் சொல்ல எனக்கு மனம் வராது.

மிஞ்சுவது இரண்டு வழி. ஒன்று, 3.30 மணி மேட்ச். ஏழரை வாக்கில் முடிந்துவிடும். சித்தூர்க்காரர்களுக்கு இது நல்ல தோது: ஒன்பது மணியை ஒட்டி சென்ட்ரலில் கிளம்பும் நீலகிரி அல்லது காவேரியில் காட்பாடி வரை வந்தால், அங்கிருந்து வீடு 35 கிலோமீட்டர். சிக்கல் என்னவென்றால் இப்படிப்பட்ட மேட்ச் அபூர்வம். 2025-ல் சேப்பாக்கத்தில் நடந்த ஐபிஎல் ஆட்டங்களில் பகல் ஆட்டம் ஒன்றே ஒன்றுதான்: ஏப்ரல் 5, டெல்லியோடு. அப்படி ஒன்று கிடைத்தால், மைதானத்தின் மேற்குப் பக்க ஸ்டாண்டில் இடம் பாருங்கள். சூரியன் முதுகுப் பக்கம் இறங்கும். கிழக்குப் பக்கம் உட்கார்ந்தால் சித்திரை வெயில் நேரே முகத்தில் அடிக்கும். பிள்ளைகள் இரண்டாவது இன்னிங்ஸுக்குள் சோர்ந்துவிடுவார்கள்.

இரண்டாவது வழி, ஒரு ராத்திரி தங்குவது. செலவு கூடினாலும் என் ஓட்டு இதற்குத்தான். திருவல்லிக்கேணியில் அறை எடுத்தால் மைதானத்துக்கு நடந்தே போய்வரலாம். மாலையில் ரத்னா கபேயில் சாம்பாரில் மிதக்கும் இட்லியைச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பலாம். காலையில் பார்த்தசாரதி கோயில். திருமலையைப் போல அதுவும் 108 திவ்ய தேசங்களில் ஒன்று; பாட்டியை உடன் அழைத்துப் போக அதைவிட நல்ல காரணம் வேண்டாம்.

சென்ட்ரலிலிருந்து மைதானத்துக்கு ஆட்டோக்காரரிடம் பேரம் பேசி மெனக்கெட வேண்டாம். மெட்ரோவில் அடுத்த ஸ்டேஷனே அரசினர் தோட்டம். இறங்கிக் கொஞ்ச தூரம் நடக்க வேண்டும். 2024 சீசனில் மேட்ச் டிக்கெட் கையில் இருந்தால் மெட்ரோவில் தனியாகக் காசு தர வேண்டியிருக்கவில்லை. நீங்கள் போகும் வருடமும் அந்தச் சலுகை உண்டா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது டிக்கெட். அமெரிக்காவில் ஒரு பேஸ்பால் அணி சீசனுக்கு 162 ஆட்டம் ஆடுகிறது. அதில் பாதி, 81 ஆட்டம், சொந்த ஊரில். அதனால்தான் அங்கே ஒரு குடும்பம் சனிக்கிழமை காலை யோசித்து மாலையில் மைதானத்தில் உட்கார முடிகிறது. நமக்கு லீக் சுற்றில் சென்னையின் சொந்த ஆட்டம் ஏழே ஏழு. அந்த ஏழுக்குத்தான் இத்தனை தள்ளுமுள்ளு. 2025-ல் குறைந்த விலை டிக்கெட் 1,700 ரூபாய். நாலு பேருக்கு 6,800. அந்த செப்டம்பரில் ஐபிஎல் டிக்கெட் மீதான ஜிஎஸ்டி 28-லிருந்து 40 சதவீதமாக ஏறிவிட்டது: ஆயிரம் ரூபாய் டிக்கெட்டுக்கு வரியோடு 1,280 கொடுத்த இடத்தில் இனி 1,400. விற்பனை தொடங்கும் நேரத்தில் வீட்டில் இரண்டு பேர் தனித்தனி போனில் காத்திருங்கள். கிடைக்கவில்லையென்றால் விட்டுவிடுங்கள். வாசலில் பிளாக்கில் வாங்கிய டிக்கெட் போலியாக இருந்தால், பிள்ளைகளை நுழைவாயிலிலிருந்து திருப்பி அழைத்து வர வேண்டியிருக்கும். அந்த அழுகைக்கு ஈடே கிடையாது.

பை, தண்ணீர் பாட்டில், பவர் பேங்க், வீட்டுச் சாப்பாடு எதற்கும் உள்ளே அனுமதி இல்லை. அறையிலேயே வைத்துவிட்டு வெறுங்கையாகப் போங்கள். வாலாஜா சாலை நடைபாதையில் மஞ்சள் பனியன் விற்பவர்களுக்கு நடுவே தூரிகையும் சாயமும் வைத்துக்கொண்டு கன்னத்தில் எழுதிவிடுகிறவர்கள் இருப்பார்கள். சின்னவளை அதற்கு நிறுத்தினால், சாயம் காயும்வரை முகத்தை அசைக்காமல், சிரிப்பை அடக்கிக்கொண்டு நிற்பாள். அதற்கென்று கொஞ்ச நேரம் ஒதுக்குங்கள். உட்காருவதற்கு மேல்தளத்தைத்தான் சொல்வேன். கீழே, முன்னால் இருப்பவர்கள் எழுந்து நின்றுவிட்டால் பிள்ளைக்கு முதுகுகள்தான் தெரியும். மேலிருந்து ஃபீல்டர்கள் எங்கெங்கே நிற்கிறார்கள் என்பது முழுதாகத் தெரியும். ஏன் அங்கே நிற்கிறார்கள் என்று பிள்ளைக்குச் சொல்லியும் கொடுக்கலாம். இரைச்சல் தாங்காத குழந்தை என்றால் காதுக்குப் பஞ்சு.

நம் பக்கத்து வீடுகளில் பாதி சென்னை, பாதி ஐதராபாத். அப்படிப்பட்ட வீடு என்றால் அந்த இரண்டு அணியும் மோதும் நாளையே பிடியுங்கள். 2025 ஏப்ரல் 25 அன்றுதான் ஐதராபாத் முதல்முறையாகச் சென்னையைச் சேப்பாக்கத்தில் வைத்து வென்றது. அன்று ஒரே வீட்டிலிருந்து போய் இரண்டு சட்டையில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அது ஆயுசுக்கும் பேச்சு.

இத்தனை செலவு கட்டுப்படியாகாது என்றால் வருத்தப்பட வேண்டாம். குளிர்காலத்தில் அதே மைதானத்தில் ரஞ்சி ஆட்டம் நடக்கும், பெரும்பாலும் கட்டணமில்லாமல். ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டமே 1934 நவம்பர் 4 அன்று இங்கேதான். மதராஸ் அணி மைசூரை ஒரே நாளில் முடித்துவிட்டது. காலையில் கருடாத்ரியில் போய், மதியம் வரை பார்த்துவிட்டு, மாலையில் அதே வண்டியில் திரும்பிவிடலாம். காலி இருக்கைகளுக்கு நடுவே பிள்ளைகள் ஓடியாட இடம் இருக்கும். மட்டையில் பந்து படும் சத்தம் அங்கே தெளிவாகக் கேட்கும். ஐபிஎல் கூட்டத்தில் அது கேட்கவே கேட்காது.