எல்லையோர நகரம் – 12: தொரப்பள்ளியில் தொடங்க வேண்டிய நூலகம்

2017 ஜூன் மாதம் வரை ஓசூர் எல்லையில் ஜூஜூவாடியைக் கடந்தவர்களுக்கு அந்த லாரி வரிசை நினைவிருக்கும். சரக்கு ஏற்றிய வண்டிகள் சோதனைச் சாவடியில் ஓரங்கட்டி நிற்கும். டிரைவரும் கிளீனரும் பில்லையும் சிட்டையையும் எடுத்துக்கொண்டு கவுன்டருக்கு ஓடுவார்கள். முத்திரை விழுந்த பிறகே வண்டி நகரும். அந்த ஆண்டு ஜூலை 1-ம் தேதி ஜி.எஸ்.டி. வந்தது, விற்பனை வரிச் சாவடிகளுக்கு வேலை இல்லாமல் போயிற்று.

அந்த விற்பனை வரிக்கு இந்தியாவிலேயே முன்னோடியான பொது விற்பனை வரிச் சட்டம் 1939-ல் சென்னை மாகாணத்தில் பிறந்தது. அதைக் கொண்டுவந்த பிரதமர் (அன்று மாகாண முதல்வரை அப்படித்தான் அழைத்தார்கள்) ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி. இருபது ஆண்டுகள் கழித்து, லைசென்ஸும் பர்மிட்டும் கோட்டாவும் குடிமகனின் கழுத்தை நெரிக்கின்றன என்று சொல்லி ஒரு கட்சியே தொடங்கியவரும் அவர்தான்.

சென்ற வாரம் சிப்காட் வந்த கதையைப் பார்த்தோம். அரசு நிலம் எடுத்து, சாலை போட்டு, தொழிற்சாலைகளை அழைத்து வந்து உருவாக்கிய ஊர் ஓசூர். அரசின் கை இவ்வளவு நீளலாமா என்று வாழ்நாளின் கடைசிப் பகுதி முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தவரும் இதே மண்ணில் பிறந்தவர். அந்தக் கேள்வியைச் சுற்றி எழுதப்பட்டவை இன்று எங்கே கிடக்கின்றன, அவற்றை யார் வேண்டுமானாலும் காசில்லாமல் படிக்கும்படி இணையத்தில் சேர்ப்பது எப்படி என்பதுதான் இந்த வாரத்துக்கான விஷயம்.

ராஜாஜி 1878 டிசம்பர் 10-ல் பிறந்தார். அப்பா ஊர் முன்சீப். ஓசூரில் பள்ளி, பெங்களூர் சென்ட்ரல் காலேஜில் பட்டம், சென்னையில் சட்டம், சேலத்தில் வக்கீல் தொழில். 1937-ல் ஆட்சிக்கு வந்ததும் அக்டோபர் 1 முதல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். ஓசூர் தாலுகா அப்போது சேலம் மாவட்டத்தில்தான் இருந்தது. கள், சாராயக் கடைகளால் வந்த வருமானம் போனதும் அந்த இடத்தை நிரப்ப வந்ததுதான் விற்பனை வரி. 1952-ல் மறுபடி முதல்வரானபோது ரேஷனையும் உணவு தானியக் கட்டுப்பாட்டையும் சில மாதங்களுக்குள் நீக்கினார். தானியம் பதுங்கிவிடும், விலை ஏறிவிடும் என்று பலர் அஞ்சிய நேரத்தில் துணிந்து எடுத்த முடிவு அது.

1959 ஜனவரியில் நாக்பூர் காங்கிரஸ் மாநாடு கூட்டுறவுப் பண்ணை விவசாயத்துக்குத் தீர்மானம் போட்டது. உழவனின் நிலத்தைப் பொதுவில் சேர்க்கும் முயற்சி இது என்று கொதித்தவர்கள் ஒன்றுகூடினார்கள். ஜூன் 4-ம் தேதி சென்னையில் சுதந்திராக் கட்சி அறிவிக்கப்பட்டது. ராஜாஜிக்கு அப்போது 80 வயது. கட்சித் தலைவரான என்.ஜி.ரங்கா குண்டூர்க்காரர், விவசாயிகளின் தலைவர். பம்பாயிலிருந்து மினு மசானி வந்தார். 1967 தேர்தலில் மக்களவையில் 44 இடங்கள் கிடைத்தன. அதே தேர்தலில் தி.மு.க.வுடன் கைகோத்து, தமிழ்நாட்டில் காங்கிரஸ் ஆட்சி விழவும் துணைநின்றது. 1974-ல் கட்சி வேறொரு கட்சியில் கரைந்தது. தேர்தல் கணக்கு அத்தோடு முடிந்தது, எழுத்து மிஞ்சியது.

அந்த எழுத்தின் அளவு சிறிதல்ல. தென்கன்னட மாவட்டத்தில் பிறந்த பொருளாதார அறிஞர் பி.ஆர்.ஷெனாய், இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்துக்கான நிபுணர் குழுவில் தன்னந்தனியாக 1955-ல் எழுதிய மறுப்புக் குறிப்பு இருக்கிறது. பற்றாக்குறைப் பணத்தை அச்சடித்துத் திட்டம் போட்டால் விலைவாசி ஏறும் என்று அதில் எச்சரித்தார். ஏ.டி.ஷிராஃப் 1956-ல் தொடங்கிய ‘ஃபோரம் ஆஃப் ஃப்ரீ என்டர்பிரைஸ்’ மலிவு விலையில் வெளியிட்ட சிறு பிரசுரங்கள் இருக்கின்றன. இளமையில் கம்யூனிஸ்ட் தலைவர் டாங்கேவுக்குத் துணைநின்று, பிற்காலத்தில் எதிர்த்திசைக்குப் போன பம்பாய் மாவு மில் முதலாளி லோட்வாலா நடத்திய ‘இந்தியன் லிபர்டேரியன்’ இதழ் இருக்கிறது. சென்னையில் காசா சுப்பாராவ் 1956-ல் தொடங்கிய ‘ஸ்வராஜ்யா’வில் வாரந்தோறும் ராஜாஜி எழுதியவை இருக்கின்றன.

அமெரிக்காவில் லிபர்ட்டி ஃபண்ட் என்ற அறக்கட்டளை 2004-ல் சுதந்திரச் சிந்தனை நூல்களுக்கென்றே ஓர் இலவச இணைய நூலகத்தைத் திறந்தது. இந்தியாவில் ‘சென்டர் ஃபார் சிவில் சொசைட்டி’ என்ற டெல்லி அமைப்பு ‘இந்தியன் லிபரல்ஸ்’ என்ற மின் காப்பகத்தை நடத்துகிறது. மேலே சொன்ன இதழ்களும் பிரசுரங்களும் ஸ்கேன் செய்யப்பட்டு அங்கே சேர்ந்துவருகின்றன. நல்ல பணி, நன்றி சொல்ல வேண்டிய பணி. ஆனால், அந்த அலமாரியில் ஆங்கிலமே மிகுதி.

ராஜாஜி தன் அரசியலை ஆங்கிலத்தில் மட்டுமா பேசினார்? திருச்செங்கோடு காந்தி ஆசிரமத்திலிருந்து 1929-ல் மதுவிலக்குக்காக ‘விமோசனம்’ என்ற தமிழ் இதழை நடத்தினார். அதில் அவருக்கு உதவியாளர் கல்கி. பின்னாளில் ‘கல்கி’ வார இதழில் ஆண்டுக்கணக்கில் எழுதினார். ‘திண்ணை ரசாயனம்’ என்று வேதியியலையே திண்ணைத் தமிழில் சொன்னவர், வரியையும் கடனையும் விலைவாசியையும் எளிய தமிழில் சொல்லத் தெரியாதவரா? அந்தத் தமிழ்க் கட்டுரைகள், கட்சித் துண்டறிக்கைகள், மேடைப் பேச்சுகள் எல்லாம் தேடி எடுக்கப்பட வேண்டியவை. ‘கல்கி’யின் அச்சுப் பதிப்பு 2020-ல் நின்றுவிட்டது. பழைய நியூஸ்பிரின்ட் தாளில் உள்ள அமிலம் தானாகவே அதை அரித்துக்கொண்டிருக்கிறது. தாள் மடிப்பில் உடையத் தொடங்கிவிட்டால் ஸ்கேனருக்கும் அதில் வேலை இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது? இந்தியக் காப்புரிமைச் சட்டப்படி ஆசிரியர் மறைந்த மறு ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் அவர் எழுத்துக்கு உரிமை உண்டு. ராஜாஜி மறைந்தது 1972 டிசம்பர் 25. ஆகவே, உரிமை உள்ளவர்கள் தாமாக விட்டுக்கொடுத்தாலொழிய, 2033 ஜனவரி 1-ல்தான் அவர் எழுத்து பொதுவுடைமை ஆகும். 1978-ல் மறைந்த ஷெனாய்க்கு 2039. 1998-ல் மறைந்த மசானிக்கு 2059. அதுவரை கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. லாபநோக்கமில்லாத பொது நூலகம் ஒன்று, தன்னிடம் ஏற்கெனவே அச்சுப்படி உள்ள நூலைப் பாதுகாப்புக்காக மின் வடிவில் சேமித்துக்கொள்ளலாம் என்று 2012-ல் வந்த திருத்தம் சொல்கிறது. இன்றே ஸ்கேன் செய்து, பட்டியலிட்டு, பத்திரப்படுத்தலாம். திறந்துவிடும் நாளை மட்டும் சட்டம் தீர்மானிக்கட்டும். இடையில் உரிமையாளர்களை அணுகி, எழுத்துமூலம் அனுமதி கேட்கும் வேலையும் நடக்கட்டும். உடைமை உரிமையைப் போற்றும் சிந்தனைக்கு நூலகம் கட்டுபவர்கள், அடுத்தவர் உரிமையை மீறி அதைக் கட்டக் கூடாது.

உழைப்புக்கு நம்மிடமே முன்னுதாரணம் உண்டு. சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கல்யாணசுந்தரம் 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், உலகெங்கும் உள்ள தமிழர்கள் ஊதியமில்லாமல் தட்டச்சு செய்தும் மெய்ப்புப் பார்த்தும் வளர்த்தது. ஈழத் தமிழர்களின் நூலகம் திட்டம் 2005 முதல் இதழ்களையும் துண்டறிக்கைகளையும்கூட விடாமல் சேர்த்துவருகிறது. இரண்டுமே அரசாணைக்குக் காத்திருக்கவில்லை. விரும்பி இணைந்த மனிதர்கள் எவ்வளவு பெரிய காரியத்தை முடிப்பார்கள் என்பதற்கு இவற்றைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. தொழில்நுட்பச் சிக்கல்கள் உண்டு. 1978-ல் எழுத்துச் சீர்திருத்தம் வருவதற்கு முந்தைய அச்சில் ணா, றா, னா, லை, ளை போன்றவை பழைய வடிவில் இருக்கும். எழுத்தை அறியும் மென்பொருள் அங்கே தடுமாறும். மனிதக் கண் ஒருமுறையாவது ஒவ்வொரு பக்கத்தையும் பார்த்தாக வேண்டும். தேதி, இதழ் எண், யார் எழுதியது, யாருக்குப் பதிலாக எழுதியது என்ற குறிப்புகள் இல்லாவிட்டால் ஆயிரம் பக்கம் ஏற்றியும் தேடுபவருக்குப் பயனில்லை.

இந்த நூலகத்துக்கு ஒரு நிபந்தனை வைக்க விரும்புகிறேன். எதிர்த்தரப்பும் அதே அலமாரியில் இருக்க வேண்டும். சுதந்திரம் பேசிய ராஜாஜிதான் 1938-ல் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கினார். 1953-ல் அவர் கொண்டுவந்த கல்வித் திட்டத்தைக் குலக்கல்வி என்று தமிழகம் எதிர்த்தது. மறு ஆண்டு அவர் பதவி விலகினார். பெரியாரும் அண்ணாவும் கம்யூனிஸ்ட்களும் அவருக்குச் சொன்ன பதில்கள் இல்லாமல் அவர் எழுத்தை மட்டும் வைத்தால் அது பிரசாரக் கிடங்காகிவிடும். மதுவிலக்கும் கட்டாய இந்தியும் கொண்டுவந்த கை, பர்மிட் ராஜ்யத்தை எதிர்த்தும் எழுதியது. ஒரு மனிதரின் மனம் எங்கே மாறியது, எங்கே மாறவில்லை என்பதை வாசகரே தேதிவாரியாகப் படித்து முடிவு செய்யட்டும். தனிமனிதரின் அறிவை நம்புவதுதானே இந்தச் சிந்தனையின் அடிப்படை?

இதற்கு ஓசூரைவிடப் பொருத்தமான ஊர் இல்லை. டைட்டன் 1984-ல் டாட்டாவும் தமிழக அரசின் டிட்கோவும் கூட்டாகத் தொடங்கிய நிறுவனம். அரசு கைகொடுத்ததால் ஊர் எழுந்தது என்பவருக்கு அது சான்று. 1991 ஜூலையில் பெரும்பாலான தொழில்களுக்கு லைசென்ஸ் முறை நீங்கிய பிறகு பெருகிய சிறு பட்டறைகள் மறுதரப்புக்குச் சான்று. சிப்காட் கேட்டில் ஷிஃப்ட் மாறும் நேரத்தில் வெளியே வரும் கான்ட்ராக்ட் தொழிலாளிக்குச் சுதந்திரம் என்றால் என்ன? அரசின் பிடியிலிருந்து மட்டும் விடுபடுவதா, வேலை நிரந்தரமில்லை என்ற பயத்திலிருந்தும் விடுபடுவதா? இந்தக் கேள்வியைக் கேட்க அவருக்கு முழு உரிமை உண்டு. அதற்கான நூல்கள் அவர் கைபேசியில், அவர் மொழியில் இருக்க வேண்டும். தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் புழங்கும் ஊர் இது. தமிழ் அலமாரி முதலில் எழட்டும். ரங்காவின் தெலுங்கும் எல்லைக்கு அப்பால் எழுதப்பட்ட கன்னடமும் தொடரட்டும்.

தொரப்பள்ளியில் ராஜாஜி பிறந்த வீடு நினைவில்லமாக நிற்கிறது. படங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பும் மாணவருக்கு, அவர் என்ன எழுதினார் என்பதைத் திறந்துகாட்ட ஒரு கணினியும் இணைப்பும் போதும். சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பழைய சுதந்திராக் கட்சிக்காரர்களின் வீட்டுப் பரண்களில் இதழ்களும் துண்டறிக்கைகளும் நிச்சயம் இருக்கும். இதைப் படிப்பவர் வீட்டில் இருந்தால், எடைக்குப் போடும் முன் ஒரு கல்லூரி நூலகத்திடமாவது காட்டுங்கள். 2033-க்கு அதிகக் காலம் இல்லை. அந்த ஜனவரி முதல் தேதியில் திறப்பதற்கு நம் கையில் பக்கங்கள் இருக்க வேண்டுமானால், சேகரிப்பு இந்த ஆண்டே தொடங்க வேண்டும்.

அடுத்த வாரம்: டி.வி.எஸ். மொபெட் ஓசூரிலிருந்து கிராமங்களுக்குப் போன கதை.

(தொடரும்)