மனப்பதற்றமும் மருந்தும்

தேர்வு அறைக்குள் நுழையும்போது நெஞ்சு படபடப்பதும் உள்ளங்கை வியர்ப்பதும் இயல்பு. ஆபத்தைச் சந்திக்க உடலை ஆயத்தப்படுத்துவதற்காக மூளை செய்யும் ஏற்பாடு அது. தேர்வு முடிந்ததும் படபடப்பு அடங்கிவிடும். சிலருக்கோ அது அடங்குவதில்லை. தகுந்த காரணம் இல்லாமலேயே கவலை மாதக்கணக்கில் நீடிக்கிறது, தூக்கம் கெடுகிறது, பள்ளிக்கோ வேலைக்கோ செல்வதே பெரும்பாடாகிறது. இந்நிலையை மருத்துவர்கள் மனப்பதற்ற நோய் என்கின்றனர்.

இது அரிதான ஒன்றன்று. சிங்கப்பூர் மனநலக் கழகம் 2016ஆம் ஆண்டில் தொடங்கிய ஆய்வின்படி, இங்கு ஏழு பேரில் ஒருவருக்கு மனநிலை, மனப்பதற்றம், மதுப் பழக்கம் ஆகியவை தொடர்பான கோளாறுகளில் ஒன்றாவது வாழ்நாளில் ஏற்பட்டுள்ளது.

மனப்பதற்றம் உள்ள அனைவருக்கும் மருந்து தேவைப்படுவதில்லை. பலருக்கு ஆலோசகருடன் பேசிப் பெறும் சிகிச்சையே போதுமானது. தேவைப்படுவோருக்கு மட்டும் மருத்துவர் மருந்து எழுதித் தருகிறார்.

மூளையின் நரம்பணுக்கள் வேதிப்பொருள்களின் வழியாகச் செய்திகளைப் பரிமாறிக்கொள்கின்றன. அவற்றுள் சில நரம்பணுக்களைத் தூண்டுகின்றன, சில அடக்குகின்றன. அடக்கும் பொருள்களில் முதன்மையானது ‘காபா’. வண்டிக்கு பிரேக் எப்படியோ, மூளைக்குக் காபா அப்படி. லியோ ஸ்டெர்ன்பாக் என்னும் வேதியியலாளர் கண்டுபிடித்த மருந்தொன்று 1960ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்தது. அதே வகையைச் சேர்ந்த டயஸெபம் 1963ஆம் ஆண்டில் வந்தது. பென்சோடயஸெபைன் எனப்படும் இம்மருந்துகள் காபாவின் வேலைக்கு வலுவூட்டுகின்றன. அதனால் படபடப்பு விரைவில் தணிகிறது.

ஆனால், இந்த பிரேக் அச்சத்தை மட்டும் தனியே பிரித்து நிறுத்துவதில்லை. விழிப்பு, நினைவாற்றல், கைகால்களின் ஒருங்கிணைப்பு ஆகியவற்றையும் அது மெதுவாக்குகிறது. எனவே, அமைதியைத் தரும் அதே செயலே தூக்கக் கலக்கத்தையும் தருகிறது. மேலும், நெடுநாள் உட்கொண்டால் உடல் இம்மருந்துக்குப் பழகி, அதைச் சார்ந்திருக்கத் தொடங்கிவிடும். இதனால்தான் சுகாதார அமைச்சு 2008ஆம் ஆண்டில் மருத்துவர்களுக்கு வழிகாட்டி நெறிமுறைகளை வெளியிட்டது.

இன்று நீண்டகாலச் சிகிச்சைக்குப் பெரும்பாலும் வேறொரு வகை மருந்தே முதலில் தரப்படுகிறது. அது ‘செரோட்டோனின்’ என்னும் வேதிப்பொருளை நரம்பணுக்கள் உடனே திரும்ப உறிஞ்சிக்கொள்ளாமல் தடுக்கிறது. அதன் முழுப் பயன் தெரியச் சில வாரங்கள் ஆகும். இதுவும் சிலருக்குத் தூக்கக் கலக்கத்தைத் தரலாம். வேறு சிலருக்குத் தூக்கத்தையே குறைக்கலாம். பெரும்பாலோருக்கு இத்தொல்லை முதல் சில வாரங்களில் தணிந்துவிடுகிறது.

காத்தோங்கில் வசிக்கும் ஒருவர் காலையில் இத்தகைய மாத்திரையை உட்கொண்டு வேலைக்குச் செல்கிறார் என வைத்துக்கொள்ளலாம். பேருந்திலேயே அவருக்குக் கண் செருகுகிறது; வேலையில் கவனம் சிதறுகிறது. ‘இந்த மாத்திரையே வேண்டாம்’ என்று அவர் அதை நிறுத்திவிட நினைக்கலாம். இங்குதான் ஆபத்து உள்ளது. பென்சோடயஸெபைனைச் சில வாரங்களுக்கு மேல் உட்கொண்டவர் திடீரென நிறுத்தினால் பதற்றம் முன்பைவிடக் கடுமையாகலாம்; வலிப்புகூட வரலாம். செரோட்டோனின் வகை மருந்தைத் திடீரென நிறுத்தினால் தலைசுற்றலும் எரிச்சலும் ஏற்படலாம்.

அவர் செய்யத்தக்கது வேறு. வீட்டின் அருகிலுள்ள பலதுறை மருந்தகத்திலோ தாம் வழக்கமாகச் செல்லும் மருத்துவரிடமோ தம் நிலையைக் கூறலாம். மருத்துவர் மருந்து உட்கொள்ளும் நேரத்தைக் காலையிலிருந்து இரவுக்கு மாற்றலாம், அளவைக் குறைக்கலாம், வேறு மருந்து தரலாம். நிறுத்த வேண்டுமென்றாலும் அளவைப் படிப்படியாகக் குறைத்தே நிறுத்தச் செய்வார்.

அதுவரை சில எச்சரிக்கைகள் தேவை. மருந்து தம் உடலுக்கு எப்படி ஒத்துக்கொள்கிறது என்பது தெரியும்வரை அவர் வண்டி ஓட்டக்கூடாது. ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் மிதிவண்டி ஓட்டுவதையும் தள்ளிப்போட வேண்டும். மது அருந்தக்கூடாது. சளி, தும்மலுக்குக் கடையில் வாங்கும் சில மாத்திரைகளும் தூக்கம் தருபவை. விழித்திருக்கச் செய்யும் ‘ஹிஸ்டமின்’ என்னும் பொருளின் வேலையை அவை மூளையில் தடுக்கின்றன. இரண்டும் சேர்ந்தால் மயக்கம் மிகும். ஆகவே, தாம் உட்கொள்ளும் எல்லா மருந்துகளையும், பாரம்பரிய மருந்துகள் உட்பட, மருந்தாளரிடம் சொல்ல வேண்டும். ஒருவருக்கு எழுதித் தந்த மாத்திரையை இன்னொருவர் உட்கொள்வதும் தவறு.

நீரிழிவுக்கு மருந்து உட்கொள்வதை யாரும் மறைப்பதில்லை. மனப்பதற்றத்திற்கு மருந்து உட்கொள்வோர் பலர் அதை வீட்டாரிடம்கூடச் சொல்லத் தயங்குகின்றனர். அத்தயக்கத்தால் பக்கவிளைவுகளையும் தனியே தாங்கிக்கொள்கின்றனர். வகுப்பில் தூங்கி விழும் மாணவரைச் சோம்பேறி என்று கேலி செய்வது எளிது. அவர் சொல்லாமல் சுமக்கும் காரணம் ஒன்று இருக்கலாம். மனம் கலங்கும் மாணவர்கள் பெற்றோரையோ ஆசிரியரையோ பள்ளி ஆலோசகரையோ நாடலாம். 1771 என்னும் தேசிய மனநல உதவி எண்ணையும் எந்நேரமும் அழைக்கலாம். உடல்நோயைப் போலவே மனநோயையும் சொன்னால்தான் தீர்க்க வழி பிறக்கும்.