சம்பள ஃபோல்டரின் நாத்தூர்

மாதக் கடைசி, துபாய் சோனாப்பூர் கேம்ப். மேல்கட்டிலில் ஒரு போன் ‘டிங்’ என்கிறது. எதிர்க்கட்டிலில் இன்னொன்று. அடுப்படியில் குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தவரின் சட்டைப்பையில் மூன்றாவது. “அண்ணே, ஏறிருச்சு!” அவ்வளவுதான். எந்த எக்ஸ்சேஞ்சில் ரேட் நல்லா இருக்கு, ஊருக்கு எவ்வளவு போடலாம் என்று அறையே சந்தைக்கடை ஆகிவிடும்.

அந்த ‘டிங்’ கேட்பதற்கு முன்னால், எங்கோ ஏசி குளிரில் நடுங்கும் ஒரு சர்வரின் ஃபோல்டருக்குள் ஒரு ஃபைல் வந்து விழுந்திருக்கும். விழுந்த கணத்தில் அதைப் பார்த்தவர் ஒரே ஒருவர்தான். அவரைத்தான் இன்று பார்க்கப் போகிறோம். செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு, சத்தம் போடாமல் பின்னாலேயே வாருங்கள்!

25 இலக்கத்தில் ஒரு பெயர்

உள்ளே போக ஒரு வாகனம் வேண்டுமே? சம்பள ஃபைலின் முதுகிலேயே ஏறிக்கொள்வோம். அமீரகத்தில் 2009-ல் ‘டபிள்யூ.பி.எஸ்.’ என்ற ஊதியப் பாதுகாப்பு முறை வந்தது. கவரில் போட்டுக் கையில் கொடுத்த சம்பளத்துக்கு அது விடைகொடுத்தது. கம்பெனி தன் சம்பளப் பட்டியலை ஒரு ஃபைலாகத் தன் பேங்குக்கோ எக்ஸ்சேஞ்சுக்கோ கொடுக்க வேண்டும். அங்கிருந்து மத்திய வங்கிக்குப் போய், தொழிலாளர் அமைச்சகத்தின் பதிவோடு ஒத்துப்பார்த்த பிறகுதான் காசு நகரும். பின்னர் சவூதியும் கத்தாரும் இதே வழிக்கு வந்தன.

அக்கவுன்டன்டுகள் வாயில் இது ‘சிஃப் ஃபைல்’. பெயரைப் பாருங்கள்: முதல் 13 இலக்கம் கம்பெனியின் எண். அடுத்த 12 இலக்கம் ஆண்டு, மாதம், தேதி, மணி, நிமிடம், நொடி. பிறந்த நொடியையே பெயராகச் சூட்டிக்கொண்ட பிள்ளை!

உள்ளே எட்டிப் பார்த்தால் வெறும் எழுத்தும் காற்புள்ளியும்தான். ஆளுக்கு ஒரு ‘இ.டி.ஆர்.’ வரி. அதில் அவருடைய எண், ஐபேன் எனும் வங்கிக் கணக்கு எண், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, நிலையான சம்பளம், கூடக் குறைய வரும் தொகை, லீவு நாள். ஜூலை வெயிலில் சாரத்தின் மேல் நின்ற ஒரு மாதம் முழுக்க ஒரே வரிக்குள் அடக்கம். எல்லாருக்கும் கீழே, கடைசியாக, ஒரே ஒரு ‘எஸ்.சி.ஆர்.’ வரி: மேலே மொத்தம் எத்தனை பேர், மொத்தம் எத்தனை திர்ஹாம். இந்தக் கடைசி வரியை முந்தானையில் முடிந்துவைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேலை இருக்கிறது.

சின்ன கம்பெனிகளில் யாராவது இணையத்தில் உட்கார்ந்து இதைக் கையால் ஏற்றுவார்கள். பெரிய இடங்களில் சர்வரே நேராக பேங்கின் ஃபோல்டரில் போட்டுவிடும். மனிதக் கை படாது. அப்படியானால் ஃபைல் வந்துவிட்டது என்று யார் சொல்வது?

இதோ, நாத்தூர்!

வளைகுடாவில் கட்டடக் காவலாளிக்கு ‘நாத்தூர்’ என்று பெயர். எந்த ஃபிளாட்டில் புது ஆள், எந்த ஏசி ஒழுகுகிறது, யார் வண்டியை யார் இடத்தில் நிறுத்தினார்கள், எல்லாம் அவருக்குத் தெரியும். ஃபோல்டருக்கும் அப்படி ஒரு நாத்தூர் உண்டு. ஃபைல் பிறந்தால், மாறினால், பெயர் மாறினால், அழிந்தால் குரல் கொடுக்கும் ஒரு குட்டி புரோகிராம்.

அந்தக் காலத்து நாத்தூர் நம் ஊர் அம்மா மாதிரி. “சம்பளம் வந்துச்சாப்பா?” காலையில் ஒரு போன். “இப்ப வந்துச்சா?” மாலையில் ஒரு போன். ஐந்து நொடிக்கு ஒருமுறை ஃபோல்டரைத் திறந்து, பட்டியல் எடுத்து, பழைய பட்டியலோடு ஒத்துப்பார்ப்பார். ஒன்றும் வரவில்லை என்றாலும் வேலை மட்டும் ஓயாது.

புது நாத்தூர் சொகுசுப் பேர்வழி. “இந்த ஃபோல்டரில் ஏதாவது அசைந்தால் என்னை எழுப்பு” என்று ஆபரேட்டிங் சிஸ்டத்தின் காதில் சொல்லிவிட்டுத் தூங்கப் போய்விடுவார். மணி அடித்தால்தான் எழுந்திருப்பார். லினக்ஸில் அந்த மணியின் பெயர் ‘ஐநோட்டிஃபை’. ஜான் மெக்கட்சனும் ராபர்ட் லவ்வும் முன்னின்று செய்தது. 2005-ல் 2.6.13 கெர்னலோடு சேர்ந்து வந்தது. அதற்கு முந்தைய ‘டிநோட்டிஃபை’ தனிக் கூத்து. பார்க்கச் சொன்ன ஃபோல்டரைத் திறந்து பிடித்துக்கொண்டே இருக்கும். ஃபோல்டர் யு.எஸ்.பி.யில் இருந்துவிட்டால் அதை முறையாகக் கழற்றவே முடியாது. வாசலைப் பார்த்துக்கொள் என்றால் கதவுக் கைப்பிடியில் தொங்குகிற ஆள்! மேக்கில் 2007-ல் ‘எஃப்.எஸ்.ஈவென்ட்ஸ்’ வந்தது. விண்டோஸ் பக்கம் டாட்நெட் ஆட்களுக்கு ‘ஃபைல்சிஸ்டம்வாட்சர்’.

இலை போட்டதும் ஓடிவந்தவர்

இப்போதுதான் வேடிக்கை ஆரம்பம். ஃபைல் ஒன்று விழுந்தால் மணி ஒன்றுதானே அடிக்கும்? அதுதான் இல்லை! ‘பிறந்தது’ என்று ஒன்று. ‘மாறியது’, ‘மாறியது’, ‘மாறியது’ என்று வரிசையாக. லினக்ஸாக இருந்தால் ‘எழுதி மூடியாயிற்று’ என்று இறுதியாக ஒன்று. 500 பேருக்கான ஃபைல் நெட்வொர்க்கில் ஊர்ந்து வரும்போது, முதல் மணிக்கே துள்ளி எழுந்து படிக்க ஆரம்பித்தால் அதில் 312 பேர்தான் இருப்பார்கள். மற்ற 188 பேரும் இன்னும் கேபிளில்.

பந்தியில் இலை போட்டதைப் பார்த்தவுடனே ஓடிவந்து உட்கார்ந்தவர் கதைதான். இலை வந்துவிட்டது, சோறு வரவில்லை.

முடிந்துவைத்த முடிச்சை இப்போது அவிழுங்கள். பாதி ஃபைலில் அந்த எஸ்.சி.ஆர். வரி இருக்காது. கடைசி வரி இல்லையென்றால் ஃபைல் முழுதாக வரவில்லை என்று அர்த்தம். படிக்கிற புரோகிராம் நிமிர்ந்து “கடைசி வரியைக் காணோமே” என்று நிராகரித்துவிடும். கல்யாண வீட்டு மொய் நோட்டில் கடைசிப் பக்கக் கூட்டல் மாதிரி, பொறுமையாகப் போட்ட ஒரு வரி அத்தனை பேரையும் காப்பாற்றுகிறது.

கை பழுத்தவர்கள் அதற்கும் முன்பே உஷாராகிவிடுவார்கள். அனுப்புகிற பக்கம் ஃபைலை முதலில் ஒரு புனைபெயரில் எழுதும். முழுதும் எழுதி முடித்த பிறகே உண்மைப் பெயரைச் சூட்டும். ஒரே டிஸ்க்கில் பெயர் மாற்றுவது ஒரே மூச்சில் நடந்துவிடும். பாதிப் பெயர்மாற்றம் என்று ஒன்று கிடையாது. சில இடங்களில் இன்னும் குறும்பு: பெரிய ஃபைல் வந்து சேர்ந்ததும், பின்னாலேயே ஒன்றுமே இல்லாத ஒரு காலி ஃபைலை அனுப்புவார்கள். அதன் பெயர் ‘முடிந்தது’. நாத்தூர் அந்தக் காலி ஃபைலுக்காக மட்டும் காத்திருப்பார்.

சின்ன நோட்டு, பெரிய கூட்டம்

மாதக் கடைசியில் எல்லாக் கம்பெனியும் ஒரே நேரத்தில் வந்து நெருக்கினால்? விண்டோஸ் நாத்தூரின் கையில் இருக்கும் நோட்டு இயல்பாக 8 கிலோபைட்தான். நம் சிஃப் பெயர், ‘.sif’ என்ற பின்னொட்டோடு சேர்த்து, 29 எழுத்து. எழுத்துக்கு 2 பைட், குறிப்புக்கு ஒரு 16 பைட். கணக்குப் போட்டால் சுமார் 110 சேதிக்கு மேல் நோட்டில் இடமில்லை. ஒரு ஃபைலுக்கே மூன்று நான்கு மணி அடிக்கும்போது, முப்பது நாற்பது ஃபைல் ஒரே மூச்சில் வந்தால் போதும், நிரம்பி வழியும்! வழிந்தபின் யார் யார் வந்தார்கள் என்று அவர் சொல்ல மாட்டார். “நிறையப் பேர் வந்தாங்க சார்” என்று கையை விரித்துவிடுவார். லினக்ஸின் நோட்டு பெரிது, வழக்கமாக 16,384 சேதி. அதற்கும் ஓர் எல்லை உண்டு.

இன்னொரு பலவீனம். ஃபோல்டர் வேறொரு மெஷினில் இருந்து, நெட்வொர்க் வழியாக மட்டும் இங்கே தெரிகிறது என்று வையுங்கள். அங்கே யாரோ வைக்கும் ஃபைலுக்கு இங்குள்ள ஐநோட்டிஃபை மணி அடிக்காது. பக்கத்துக் கட்டட விவகாரம் நம் நாத்தூருக்கு எப்படித் தெரியும்?

அதனால் விவரமானவர்கள் கடைசியில் என்ன செய்கிறார்கள் தெரியுமா? மணியும் கட்டுவார்கள், சில நிமிடத்துக்கு ஒருமுறை முழு ரவுண்டும் வருவார்கள். அதாவது, அம்மா போன் பண்ணிக் கேட்டதுதான் சரி!

சுவர் வழியே வந்த திருடன்

சரி, வந்து சேர்ந்த ஃபைலுக்குள் ஒரு ஐபேனை அழித்துவிட்டு வேறொன்றை எழுதிவைத்தால்? ஆள் எண்ணிக்கை அதேதான், மொத்தமும் அதேதான். கடைசி வரி ஏமாந்துவிடும். இதற்கு நாத்தூர் போதாது, கைரேகை நிபுணர் வேண்டும். 1992-ல் அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தில் ஜீன் கிம்மும் யூஜீன் ஸ்பாஃபோர்டும் செய்த ‘ட்ரிப்வயர்’ அந்த வேலையைத்தான் தொடங்கிவைத்தது. ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு கைரேகை எடுத்து வைப்பது, பிறகு ஒத்துப்பார்ப்பது. ஓர் எழுத்து மாறினாலும் ரேகை முழுக்க மாறிவிடும். கார்டு பரிவர்த்தனைகளுக்கான உலக விதி, முக்கியமான ஃபைல்களை வாரம் ஒருமுறையாவது இப்படி ஒத்துப்பார்க்கச் சொல்கிறது.

வளைகுடாவுக்கு இது ஏட்டுப் பாடம் அல்ல. 2012 ஆகஸ்ட் 15, ரமலான் கடைசி நாட்கள், பாதிப் பேர் லீவில். சவூதி அராம்கோவில் ‘ஷமூன்’ என்ற வைரஸ் கண் விழித்தது. சுமார் 30,000 கம்ப்யூட்டர்களில் இருந்ததைத் துடைத்து, எரியும் அமெரிக்கக் கொடிப் படத்தின் ஒரு துண்டை அதன் மேல் அப்பியது. எண்ணெய் உற்பத்தியின் நெட்வொர்க் தனி என்பதால் அது தப்பியது. இரண்டு வாரத்துக்குள் கத்தாரின் எரிவாயு நிறுவனமான ராஸ்காஸிலும் வைரஸ் புகுந்து ஆபீஸ் கம்ப்யூட்டர்களை முடக்கியது.

ஷமூன் வாசல் வழியை மட்டும் நம்பவில்லை. ‘ரா டிஸ்க்’ என்ற, கடையில் விற்கும் முறையான ஒரு டிரைவரை வைத்து நேராக டிஸ்க்கிலேயே எழுதியது. அந்த வழியில் எழுதினால் ஃபோல்டர் மணி அடிக்காது. வாசலில் நாத்தூர் விழித்திருக்க, சுவர் வழியாகத் திருட்டு! ஆனால் அதற்கு முன்னால் தன் சொந்த ஃபைல்களை விண்டோஸ் ஃபோல்டருக்குள் கொண்டுவந்து வைத்தது. அது வாசல் வழிதான். நாத்தூருக்குப் பிடிக்க வாய்ப்பிருந்த கணம் அதுதான்.

கூடுதல் கூத்து: 2016 நவம்பரில் ஷமூன் திரும்ப வந்தபோது அந்த டிரைவரின் தற்காலிக லைசென்ஸ் எப்போதோ காலாவதி. அதனால் கம்ப்யூட்டரின் கடிகாரத்தை 2012 ஆகஸ்டுக்குத் திருப்பிவைத்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்கியது. திருடனுக்கும் லைசென்ஸ் தொல்லை!

வாருங்கள், கேம்புக்கே திரும்பிவிடுவோம். குழம்பு கொதித்து இறங்கியாகிவிட்டது. எக்ஸ்சேஞ்சுக்குப் போனவர்களும் வந்துவிட்டார்கள். ஒருவர் மட்டும் போனை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கிறார். “அண்ணே, அதான் அனுப்பியாச்சே, சாப்பிடுங்க.” “இருப்பா.” போன் அடிக்கிறது. ஊரிலிருந்து அம்மா. இந்த முறை கேள்வி இல்லை. “வந்து சேர்ந்துருச்சுப்பா.”

அவருக்கு அதுதான் எஸ்.சி.ஆர். வரி. தட்டை இழுத்துக்கொள்கிறார்.