ஒரே மூலம்

திண்டுக்கல்லை அடுத்த சின்னாளப்பட்டி, சுங்குடிச் சேலைக்குப் பெயர் பெற்ற ஊர். அத்தகைய சேலைக்கு ஒருவர் கணினியில் கரை வரைகிறார் எனக் கொள்வோம். அதை மின்னஞ்சலில் நால்வருக்கு அனுப்பினால், ஒரு படம் ஐந்து படிகளாகி விடுகிறது. ஒருவர் நிறத்தை மாற்றுவார். மற்றொருவர் பூவைச் சிறிதாக்குவார். இறுதியில் எது முடிவான படி என்பதே வழக்காகிவிடும். பழைய படி அச்சுக்குச் சென்றால், வீணாவது துணியும் கூலியும் அன்றோ?

மின்னஞ்சலை நான் குறை கூறவில்லை. 1971-இல் ரே டாம்லின்சன் கணினிகளுக்கிடையே முதன்முதலாகச் செலுத்திய அது, கடிதத்தின் வாரிசு. கடிதத்தின் இயல்பு பிரிந்து செல்வது. கூட்டு வேலையின் தேவையோ ஓரிடத்தில் கூடுவது. அதற்கு உதவுவது மேகக் கணிமை. பெயரில் மேகம் இருப்பினும், படம் தங்குவது தரையிலுள்ள சேவையகங்களில்தான். 2016-இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட ஃபிக்மா போன்ற கருவிகளில், பலரும் இணையவழியே அந்த ஒரே மூலத்தில் வரைகின்றனர். ஒருவர் இட்ட கோடு மற்றவர் திரையிலும் உடனே தோன்றுகிறது; முந்தைய நிலைகளையும் மீட்டுப் பார்க்கலாம்.

ஆயினும் மூலம் ஒன்றானால், அதைக் கெடுத்துவிடுவதும் எளிது. பூட்டுத் தொழிலில் புகழ்கொண்ட திண்டுக்கல்லில் இதை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை. பார்க்கும் உரிமை, கருத்துரைக்கும் உரிமை, திருத்தும் உரிமை என இவற்றைப் பிரித்து வழங்கலாம். திருத்தும் சாவி யாரிடம் இருக்க வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். கருவியைப் பிறகு தேர்ந்தெடுங்கள்.