திரையில் விரியும் பாடம்

கைப்பேசியைப் பற்றிய பேச்சு எழாத இல்லம் இன்று அரிது. "பிள்ளை படிக்கத்தான் வைத்திருக்கிறான்" என்று தாய் பரிந்துரைப்பதும், "படிப்பா, விளையாட்டா?" என்று தந்தை ஐயுறுவதும் வழக்கமாகிவிட்டன. இருவர் கூற்றிலும் உண்மையுண்டு.

பாடத்தைத் திரையில் காட்டும் முயற்சி நம் நாட்டுக்குப் புதிதன்று. 1975 ஆகஸ்டு முதல் ஓராண்டுக் காலம், அமெரிக்காவின் ஏ.டி.எஸ்.-6 செயற்கைக்கோளின் துணையுடன், ஆறு மாநிலங்களைச் சேர்ந்த சுமார் 2,400 சிற்றூர்களில் கல்வி நிகழ்ச்சிகள் தொலைக்காட்சி வாயிலாகக் காட்டப்பெற்றன. தமிழகம் அந்த ஆறில் இடம்பெறவில்லை. நம் மாநிலத்தில் 2018-இல் வெளிவந்த புதிய பாடநூல்களில் கியூ.ஆர். குறியீடு அச்சேறியது, 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி தொடங்கப்பெற்றது. மறு ஆண்டே கொரோனாவினால் பள்ளிகள் மூடப்பட்டபோது இவற்றின் அருமை விளங்கிற்று. குறையும் அப்போதே விளங்கிற்று. இருக்கும் ஒரே கைப்பேசியைத் தந்தை வேலைக்கு எடுத்துச் சென்றுவிட்டால், வீட்டிலுள்ள மூன்று பிள்ளைகள் எதைக்கொண்டு படிப்பர்?

கருவியை வாங்கிக் கொடுத்துவிட்டால் மட்டும் கல்வி வந்துவிடுமா? தென்னமெரிக்காவிலுள்ள பெரு நாடு 2008 முதல் ஏழைப் பிள்ளைகளுக்கு மடிக்கணினிகளை வாரி வழங்கிற்று. 319 கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளை ஆராய்ந்து 2012-இல் வெளியான அறிக்கை, கணக்கிலோ மொழியிலோ தேர்ச்சி உயர்ந்ததற்கு அடையாளமில்லை என்றது.

அவ்வாறாயின் எது பயன் தரும்? கலிபோர்னியப் பல்கலைக்கழக உளவியலறிஞர் ரிச்சர்டு மேயர் இதனைப் பல்லாண்டுகள் ஆராய்ந்தவர். கண்வழி வருவதற்கும் செவிவழி வருவதற்கும் மனத்தில் தனித்தனிப் பாதைகள் உண்டு. ஒவ்வொன்றும் ஒரு நேரத்தில் சிறிதளவே கொள்ளும் என்பது அவர் கொள்கையின் அடிப்படை. படத்தைப் பார்த்துக்கொண்டே விளக்கத்தைச் செவியால் கேட்பது நன்று. அதே சொற்களை எழுத்தாகவும் ஓடவிட்டால், கண் படத்துக்கும் எழுத்துக்குமிடையே அல்லாடும். பாடத்தோடு ஒட்டாத இசையும் வேடிக்கையும் கவர்ச்சி தருமேயன்றிக் கற்றலைக் குறைக்கவே செய்யும். (விலைக்கு வரும் பாடக் காணொளிகள் பலவற்றில் இவைதாம் மிகுதி!) பாடம் சிறு சிறு பகுதிகளாக, மாணவர் விரும்பிய இடத்தில் நிறுத்திப் பார்க்கத்தக்கதாக இருப்பது சிறப்பு.

இதயத்தின் இயக்கத்தை எடுத்துக்கொள்வோம். அச்சுப் படத்தில் அசையாது கிடக்கும் வால்வுகள் திரையில் திறந்து மூடுகின்றன. அவ்விடத்தில் நிறுத்திவிட்டு, "இரத்தம் நுரையீரலுக்கு எவ்வழியே சென்றது?" என்று தாய் கேட்கட்டும். பிள்ளை தாளில் வரைந்து காட்டட்டும். தாய்க்கு விடை தெரிந்திருக்க வேண்டுமென்பதில்லை. பாடநூலைத் திறந்து இருவருமாகச் சரிபார்க்கலாம்.

வீட்டில் கைப்பேசி ஒன்றே உண்டெனில், அண்ணனுக்கு அரைமணி, தங்கைக்கும் குறையாமல் அதே அரைமணி என்று நேரம் வகுத்துவிடுங்கள். தேர்வு நெருங்கியது தங்கைக்கானால், முதல் முறையும் அவளுடையதே.