12 டிகிரி அலமாரி

நம் ஊரில் 'ஒயின் ஷாப்' என்ற பெயருக்கும் ஒயினுக்கும் பெரிய ஒட்டுறவு கிடையாது. உள்ளே போகிறவர் பிராந்தியோ பீரோ வாங்கிக்கொண்டு வெளியே வருவார். டாஸ்மாக் வந்து எத்தனையோ வருஷமாகியும் பேச்சில் அந்தப் பழைய பெயர் போகவில்லை. அந்தப் பழக்கத்தில், 'ஒயின் கூலர்' என்று யாராவது சொன்னால், பாட்டிலைச் சில்லிட வைக்கும் ஒரு குட்டி ஃப்ரிட்ஜ் என்றுதான் நினைத்துக்கொள்கிறோம். ஆனால் அது ஃப்ரிட்ஜைவிடக் குளிர் குறைந்த பெட்டி. குளிரைக் குறைத்துக் கொடுப்பதற்காகவா இவ்வளவு காசு என்று கேட்டால், ஆமாம், அதற்காகத்தான்.

ஃப்ரிட்ஜின் உட்புறம் சுமார் 4 டிகிரி செல்சியஸ். பாலும் மீனும் கெடாமல் இருக்க அது தேவை. ஒயின் கூலரில் 5 முதல் 18 டிகிரிக்குள் ஒரு எண்ணை வைத்துக்கொள்ளலாம். நாள்பட வைக்கிற ஒயினுக்கு உலகம் முழுக்கச் சொல்லப்படும் அளவு 12, 13 டிகிரி. ஐரோப்பாவில் பூமிக்கு அடியில் இருந்த கல் நிலவறைகளில் வருஷம் முழுவதும் ஏறக்குறைய அந்தக் குளிர்தான் இருந்தது. பெட்டி அதைத்தான் நடிக்கிறது. ஒட்டன்சத்திரத்துக்காரருக்கு நிலவறையைவிட எளிதாகப் புரியும் உதாரணம் பக்கத்திலேயே இருக்கிறது. வடகாடு வழியாகப் பாச்சலூருக்கு ஏறும்போது ஒவ்வொரு வளைவிலும் காற்று மாறுகிறதே, அப்படியே இன்னும் மேலே போனால் கொடைக்கானல். அங்கே ராத்திரியில் போர்வை தேட வைக்கும் குளிர்தான் இந்தப் பெட்டிக்குள் இருப்பது.

இந்தக் கட்டுரை ஒயின் குடிப்பவருக்கு மட்டும் எழுதப்பட்டதில்லை. ஒட்டன்சத்திரம் காந்தி காய்கறி மார்க்கெட்டில் தினமும் மூட்டை மூட்டையாக இறங்கிக் கேரளாவுக்கு லாரி ஏறுகிறதே தக்காளி, கத்தரி, வெண்டை, அவற்றில் பல 4 டிகிரி குளிரைத் தாங்காதவை. அவற்றுக்குப் பிடித்தது 10, 12 டிகிரிதான். ஒயினுக்காகச் செய்த பெட்டி, கொஞ்சம் யோசித்துப் பார்த்தால், நம் காய்கறிக்காகவே செய்ததுபோல இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் பெட்டியைத் தேர்ந்தெடுப்போம்.

கடையில் இரண்டு வகை இருக்கும். ஒன்று சத்தமே போடாது, எடை குறைவு, விலையும் குறைவு. விற்பவர் முதலில் அதைத்தான் காட்டுவார். அதற்குள் கம்ப்ரஸர் இல்லை. 1834இல் பிரெஞ்சுக்காரர் ழான் பெல்தியே கண்டறிந்த ஒரு விளைவில் அது ஓடுகிறது. இருவேறு உலோகங்கள் சேரும் இடத்தில் மின்சாரம் பாய்ந்தால் ஒரு பக்கம் குளிரும், மறுபக்கம் சுடும். இன்றைய பெட்டிகளில் உலோகத்துக்குப் பதில் குறைகடத்தித் துண்டுகளை அடுக்கிய ஒரு சின்ன வில்லை. ஓசை இல்லை, அதிர்வு இல்லை. கேட்க நன்றாக இருக்கிறது. சிக்கல் என்னவென்றால், இந்த வகை, அறையின் சூட்டிலிருந்து ஏறக்குறைய 15, மிஞ்சிப்போனால் 20 டிகிரிதான் இறக்கும். லண்டனில் 22 டிகிரி அறையில் அது தாராளமாக 12க்கு வரும். சித்திரை வெயிலில், மொட்டை மாடிக்குக் கீழே இருக்கும் நம் அறையில் 37, 38 டிகிரி அடிக்கும்போது? திரையில் 12 என்று அமைத்துவிட்டு நாள் முழுக்கக் காத்திருந்தாலும் உள்ளே 20ஐ ஒட்டித்தான் நிற்கும். அந்த எண்ணை எட்டிவிட வேண்டும் என்று இரவு பகலாக ஓடிக்கொண்டும் இருக்கும். குளிர்சாதன அறைக்குள் வைக்கப்போகிறீர்கள் என்றால் சரி. இல்லாவிட்டால் திண்டுக்கல் சமவெளிக்கு அந்த வகை வேண்டாம்.

இன்னொன்று கம்ப்ரஸர் வகை. ஃப்ரிட்ஜின் அதே வேலைமுறை: வாயுவை அழுத்தி, சூட்டை வெளியே தள்ளி, விரியவிட்டுக் குளிரவைப்பது. லேசாக உறுமும். ஆனால் வெளிச்சூட்டுக்கு ஈடு கொடுக்கும். எல்லாக் கம்ப்ரஸர் பெட்டியும் ஒரே அளவு ஈடு கொடுக்காது என்பதுதான் விற்பனையாளர் சொல்லாத சங்கதி. பெட்டியின் பின்பக்கமோ உட்சுவரிலோ ஒட்டியிருக்கும் தகட்டில் 'காலநிலை வகுப்பு' என்று ஓரிரு எழுத்து அச்சிட்டிருப்பார்கள். 'என்' என்றால் 16 முதல் 32 டிகிரி அறைச் சூடு வரை. 'எஸ்டி' என்றால் 38 வரை. 'டி' என்றால் 43 வரை. 'எஸ்என்' என்று இருந்தால் அதுவும் 32தான். குளிர்நாட்டில் 10 டிகிரி வரை தாங்கும் என்பதே கூடுதல். நமக்கு 'டி' வேண்டும், குறைந்தபட்சம் 'எஸ்டி'. கண்ணாடிக் கதவின் அழகையும் நீல விளக்கையும் பார்ப்பதற்கு முன்னால் குனிந்து இந்த எழுத்தைப் பாருங்கள். வெளிநாட்டிலிருந்து திரும்பும்போது சாமான்களோடு கொண்டுவருகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். அங்கே பத்து வருஷம் ஒழுங்காக ஓடிய பெட்டி இங்கே முதல் பங்குனியிலேயே மூச்சு வாங்குவதற்குக் காரணம் பெட்டியின் பழுதாக இருக்கவேண்டியதில்லை. அந்த எழுத்தாக இருக்கலாம்.

தனியாக நிற்கும் பெட்டி என்பதற்கு ஒரு பொருள் உண்டு. சமையலறை மேடைக்கு அடியில் பொருத்தச் செய்த பெட்டிகள் சூட்டை முன்பக்கம் அடிச்சல்லடை வழியாக விடும். தனியாக நிற்பவை பின்னாலும் பக்கவாட்டிலும் விடும். அதைக் கொண்டுபோய் மாடுலர் கிச்சன் அலமாரிக்குள் அழகாகச் செருகிவிட்டால், தான் விட்ட சூட்டைத் தானே குடித்துக்கொண்டு ஓடும். பின்னால் ஒரு சாண், பக்கங்களில் நாலு விரல் இடைவெளி விடுங்கள். கையேட்டில் அதைவிடக் கூடுதலாகக் கேட்டிருந்தால் அதைக் கொடுங்கள். மேற்குச் சுவரை ஒட்டி வைக்காதீர்கள். சாயங்காலம் முழுக்க அந்தச் சுவர் அடுப்புதான். மாடிப்படிக்குக் கீழே இருக்கும் மூலை பெரும்பாலான வீடுகளில் நல்ல இடம், காற்றுப் போக வழி இருந்தால். சில வீடுகளில் அந்த மூலைக்குப் பக்கத்தில்தான் பூஜையறை இருக்கும். அதை வீட்டம்மாவிடம் நீங்களே பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

திண்டுக்கல்லிலோ மதுரையிலோ வாங்கிக் குட்டியானையில் ஏற்றும்போது நிறுத்தியபடி கொண்டுவரச் சொல்லுங்கள். படுக்கப்போட்டால் கம்ப்ரஸரின் எண்ணெய் குழாய்க்குள் ஓடிவிடும். அப்படி வந்துவிட்டால் ஒரு நாள் நிமிர்த்தி வைத்துவிட்டு அப்புறம் சுவிட்சைப் போடுங்கள். எர்த் உள்ள மூன்று முனைப் பிளக். மின்சாரம் போய் உடனே திரும்பும் ஊரில், சில நிமிஷம் தாமதித்து மின்சாரம் விடும் ஸ்டெபிலைசர் இருந்தால் நல்லது. அழுத்தம் தணிவதற்குள் கம்ப்ரஸர் மறுபடி கிளம்ப முயன்றால் திணறும். மின்கணக்கு ரொம்பப் பயமுறுத்தாது. தகட்டில் 70 வாட் என்று இருந்து, நாளில் பாதி நேரம் ஓடினால் முக்கால் யூனிட்டுக்குச் சற்று மேல். இரண்டு மாதக் கணக்கில் 50 யூனிட். அந்த 50 உங்களை அடுத்த கட்டண அடுக்குக்குத் தள்ளுகிறதா என்று மட்டும் பழைய பில்லை எடுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கொள்ளளவைப் 'பன்னிரண்டு பாட்டில்', 'முப்பது பாட்டில்' என்று சொல்வார்கள். அது நேரான தோளுடைய ஒல்லியான 750 மில்லி பாட்டில் கணக்கு. இடுப்பு பெருத்த பாட்டில்கள் கலந்தால் எண்ணிக்கை குறையும். பெட்டியில் இடம் இருப்பதாலேயே அத்தனை பாட்டில் வைத்துக்கொள்ளலாம் என்றும் ஆகாது. வீட்டில் ஒருவர் எவ்வளவு மது வைத்திருக்கலாம் என்பதற்குத் தமிழ்நாட்டில் சட்ட வரம்பு உண்டு. பிராந்தி, விஸ்கிக்கு இந்தப் பெட்டியே தேவையில்லை, அவை அலமாரியில் கெடுவதில்லை. தக்கை மூடிய ஒயினைப் படுக்கவைக்க வேண்டும், தக்கை ஈரமாக இருந்தால்தான் காற்றுப் புகாது. இந்தியாவில் கிடைக்கும் பல ஒயின்களுக்குத் திருகு மூடிதான், அவற்றை எப்படி வைத்தாலும் ஒன்றுதான். பரிமாறும்போது சிவப்பு 15 முதல் 18 டிகிரி, வெள்ளை 8 முதல் 12. சிவப்பு ஒயினை 'அறைச் சூட்டில்' பரிமாற வேண்டும் என்று எழுதிவைத்தவர்கள் நம் அறையைப் பார்த்ததில்லை.

இப்போது மார்க்கெட்டுக்கு வருவோம்.

வெப்பமண்டலக் காய்கள் பலவற்றுக்குக் குளிரடி என்று ஒன்று உண்டு. உறைந்துபோவது வேறு, இது வேறு. தாங்கும் அளவுக்குக் கீழே சில நாள் இருந்தால் அவற்றின் செல்சவ்வுகள் பழுதாகிவிடும். கத்தரிக்காயின் தோலில் பழுப்புக் குழி, உள்ளே விதையைச் சுற்றிக் கருப்பு. வெள்ளரிக்காய் கொழகொழப்பு. வெண்டைக்காய் நிறம் மங்கிப் புள்ளி. கத்தரி, வெள்ளரிக்கு 10 முதல் 12 டிகிரி, வெண்டைக்கு 7 முதல் 10, வாழைக்கும் மாங்காய்க்கும் 13. ஃப்ரிட்ஜில் வைத்தும் கெட்டுப்போச்சே என்று நாம் சலித்துக்கொள்ளும் காய்களில் சில, ஃப்ரிட்ஜில் வைத்ததாலேயே கெட்டவை.

தக்காளியின் கதை இன்னும் சுவையானது. 2016இல் ஃப்ளோரிடா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பழுத்த தக்காளியை 5 டிகிரியில் ஏழு நாள் வைத்து, பிறகு ஒரு நாள் அறையில் விட்டுச் சோதித்தார்கள். இனிப்பும் புளிப்பும் அப்படியே இருந்தன. மணம் தரும் பொருள்கள் குறைந்துபோயிருந்தன. வெளியே எடுத்த பிறகும் திரும்பவில்லை. அந்த மணத்தை உண்டாக்கும் மரபணுக்களைக் குளிர் அடக்கிவிட்டது. புளிப்பு இருந்தும் ரசம் ஏன் சப்பென்றிருக்கிறது என்பதற்கு அதில் ஒரு பதில் இருக்கிறது.

வாழைக்கு நம் தாலுகாவிலேயே சாட்சி உண்டு. விருப்பாச்சி மலைவாழை. பழனி பஞ்சாமிர்தத்துக்குப் போகும் பழம். அதன் தோல் வாடிக் கருத்தாலும் உள்ளே பழம் நன்றாக இருக்கும், அதுதான் அதன் பெருமை. ஆனால் காயாக ஃப்ரிட்ஜில் வைத்தால் வருகிற கருப்பு வேறு. அது பழுக்காமலே கருத்துப்போவது. பஞ்சாமிர்தத்தை எந்தப் பெட்டியிலும் வைக்க வேண்டாம், சர்க்கரையும் தேனுமே அதற்குக் காவல்.

ஆக, இரட்டை அறை உள்ள ஒயின் கூலர் ஒன்றில் ஓர் அறையை 8க்கும் மற்றதை 13க்கும் வைத்தால், முதலில் வெண்டையும் பச்சை மிளகாயும், அடுத்ததில் தக்காளி, மாங்காய், சீப்பு வாழை. பாட்டில் தட்டுகளில் பாதியைக் கழற்றி ஓட்டையுள்ள பிளாஸ்டிக் கூடை வையுங்கள். வெள்ளரியைத் தக்காளி, வாழையோடு சேர்க்காதீர்கள்; பழங்கள் விடும் எத்திலீன் வாயுவில் சீக்கிரம் மஞ்சளாகிவிடும். வெங்காயம், பூண்டுக்குக் கூலரும் வேண்டாம், ஃப்ரிட்ஜும் வேண்டாம். காற்றாடும் கூடை போதும். கீரை, கேரட், முட்டைக்கோஸ் எல்லாம் பழையபடி ஃப்ரிட்ஜுக்கே. அவற்றுக்கு எவ்வளவு குளிர்ந்தாலும் நல்லது, உறையாத வரை.

கண்டிப்பாக வைக்கக் கூடாதவையும் உண்டு. பால், இறைச்சி, மீன், மீந்த குழம்பு: 12 டிகிரியில் கிருமி நிதானமாகப் பெருகும். இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டியது, இங்கே வைக்கவே கூடாது. இட்லி மாவு ஆபத்தில்லை, ஆனால் புளிப்பது நிற்காது; இரண்டாம் நாள் தோசைக்குக்கூட யோசிப்பீர்கள்.

இதற்கு இவ்வளவு செலவா என்று கேட்கிறவர்கள் நியாயமானவர்கள். நல்ல கம்ப்ரஸர் வகை சின்னதாக இருந்தாலும் ஒரு ஃப்ரிட்ஜின் விலையைத் தொட்டுவிடும். காய்க்காக மட்டும் வாங்கச் சொல்லமாட்டேன். டெல்லியில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தார் 1980களில் மின்சாரமே வேண்டாத ஒரு குளிர்ப்பெட்டியை வடிவமைத்தார்கள்: இரட்டைச் செங்கல் சுவர், நடுவே ஈர மணல், மேலே கோரைப்பாய். மண்பானைத் தண்ணீர் குளிர்கிற அதே வித்தை. நம் கோடைக் காற்று வறண்டது என்பதால் இங்கே அது நன்றாக வேலை செய்யும். 38 டிகிரி வெயிலிலும் உள்ளே 22, 23க்குப் பக்கம் இறங்கும். ஐப்பசி மழையில் காற்று ஈரமானதும் அந்த வித்தை மந்தமாகிவிடும். தக்காளியை நாலு நாள் காப்பாற்ற அது போதும். ஒயினுக்குப் போதாது.

வாங்கியே விட்டீர்களென்றால் முதல் வாரத்தில் ஒரு வேலை இருக்கிறது. திரையில் தெரியும் எண் ஓர் இடத்தில் இருக்கும் உணரியின் எண். மேல் தட்டு அதைவிட இரண்டு மூன்று டிகிரி சூடாக இருக்கலாம். ஒரு டம்ளரில் தண்ணீர் ஊற்றி, மலிவான தெர்மாமீட்டர் ஒன்றை அதில் விட்டு, மேல் தட்டில் ஒரு ராத்திரி, நடுவில் ஒரு ராத்திரி, அடியில் ஒரு ராத்திரி வையுங்கள். எந்தத் தட்டில் எத்தனை டிகிரி என்று ஒரு சீட்டில் எழுதிக் கதவின் ஓரத்தில் ஒட்டுங்கள். மலைவாழைச் சீப்பு எந்தத் தட்டுக்கு என்று அந்தச் சீட்டு சொல்லும்.